காருக்கு நூற்று நான்கு டிகிரி

எதையும் தொட்டுப் பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். அணைத்த அடுப்பைத் திரும்பி வந்து இன்னொரு முறை அணைப்பேன். இருபத்து மூன்று வயது மகள் தூங்கும்போது நெற்றியில் புறங்கையை வைப்பேன். ("எம்மா, நான் சும்மாதான் படுத்திருக்கேன்!") இப்படிப்பட்டவளிடம் ஒரு காரை ஒப்படைத்தது என் தம்பி செய்த பிழை.

தம்பி பெங்களூரில் இருப்பவன். மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடுகிற, வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றுகிற ஹைபிரிட் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். வேலை விஷயமாக ஒரு வருடம் ஜெர்மனிக்குப் போக வேண்டி வந்ததும், அதைக் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சும்மா நின்னா கெட்டுப் போகும்க்கா. வாரத்துல ரெண்டு நாள் ஓட்டு. பேட்டரியை மட்டும் பாத்துக்கோ."

பார்த்துக்கொள் என்றால் நான் பார்ப்பேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகுகிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை வாங்கினேன். காரின் உள்விவரங்களை எல்லாம் அது போனில் உள்ள செயலிக்கு அனுப்பிவிடும். பேட்டரிக்குள் வரிசையாக எத்தனையோ செல்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வோல்ட், மொத்தத்தில் எவ்வளவு வெப்பம், எல்லாம் தெரிந்தது. ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதுபோல் இருந்தது. (நான் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்ட உதவும்.) கொஞ்சம் பின்தங்கியிருந்த பதினேழாவது செல்லுக்காகத் தனியாகக் கவலைப்பட்டேன். காலையும் மாலையும் வெப்பத்தை நோட்டில் குறித்தேன். முப்பத்து நாலு. முப்பத்தாறு. முப்பத்தைந்து.

"புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இப்படிக் குறிச்சதில்ல" என்றார் கணவர்.

அது பொய். மகள் சங்கரிக்கு மூன்று வயதில் காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டு வலிப்பு வந்தது. அன்றும் குறித்தேன். அதற்குப் பிறகு அந்த எண்ணை எங்கே கண்டாலும், வங்கி டோக்கனில் கண்டால்கூட, வீட்டுக்குப் போன் போட்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன்.

இந்த மே மாதம் சங்கரிக்குத் தூத்துக்குடியில், சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்த முதல் அழைப்பு. பதினொன்றரைக்குள் வாசலில் நுழைவுச் சீட்டைக் காட்ட வேண்டும். பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டு என் போனில் இருந்தது. (அவள் மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டுவிடுவாள் என்று விண்ணப்பத்தில் என் முகவரியைக் கொடுத்தவள் நான்தான்.) "எனக்கு அனுப்பி வைம்மா" என்று நாலு முறை கேட்டாள். "என்கிட்ட இருந்தா பத்திரம்ட்டி" என்று நாலு முறையும் சொன்னேன்.

ஒன்பதரை மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியது நான். போன் ஸ்டாண்டில், செயலி போனில், என் கண் பாதி செயலியில். அன்று காலையில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது; எழுத்துகள் இன்னும் பொடியாகியிருந்தன. வெகுநேரம் கருவியோடு இணையாமல் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, எட்டயபுரம் தாண்டியதும் இணைந்தது. பேட்டரி வெப்பம்: 104.

"ஏட்டி, இறங்கு! இறங்குட்டி!"

காரை ஓரங்கட்டி, ஸ்டாண்டிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட சேலையில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தபடி, பருத்தி எடுத்து முடிந்து வெறுமனே கிடந்த கரிசல் காட்டுக்குள் ஓடினேன். அவளைப் பத்திரமாக நிறுத்தியதும் எனக்குள் இருந்த இன்னொருத்தி விழித்துக்கொண்டாள். திரும்பக் காருக்கே ஓடினேன். பாட்டில் தண்ணீர் முழுவதையும் துண்டில் ஊற்றி, பிழிந்து, பேட்டரிக்கு மேலே இருக்கும் பின்சீட்டில் விரித்தேன். ஓரங்களை நீவியும் விட்டேன்.

"எம்மா! அது கார்மா!"

மறுபடி காட்டுக்குள் ஓடிவந்து தம்பிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அவன் "அக்கா" என்றான். கையை ஆட்டாமல் எனக்குப் பேச வராது. ஆட்டினேன். போன் நழுவியது.

கோடையில் கரிசல் எப்படிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். (நானும் அதே பக்கத்து ஆள்தான்.) தபால் பெட்டியில் போட்ட கடிதம்போல போன் ஒரு வெடிப்புக்குள் நேராக இறங்கியது. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டேன். எட்டவில்லை. பூமிக்குள்ளிருந்து என் தம்பி, "அக்கா... அக்கா... கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

சங்கரி கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால்.

"சீட்டு அதுலதானம்மா இருக்கு."

இன்னொரு கையையும் வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தேன்; அதுவும் எட்டவில்லை.

அப்போது வெள்ளாடுகள் எங்களைச் சூழ்ந்தன. பின்னாலேயே தொரட்டிக் கம்போடு ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். குப்புறக் கிடந்த என்னையும், குரல் வந்த வெடிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"என் தம்பி."

"எந்த ஊரு?"

"ஜெர்மனி."

அவர் கம்பைக் கீழே வைத்தார். தானும் குப்புறப் படுத்தார். ஆட்டுக்கு மரக்கிளையை வளைக்கிற அந்த நீளக் கம்பின் நுனியில் கொக்கி இருந்தது. என் போனில் கழுத்துக் கயிறு இருந்தது. (கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வாங்கியது. கழுத்தில் மாட்டத்தான் மறந்துவிட்டேன்.) முதல் முறை கொக்கி வழுக்கி, மண்கட்டி ஒன்று உள்ளே சரிந்தது. "அசையாதீங்க யாரும்!" என்று அதட்டினார். ஆடுகள்கூட நின்றன. இரண்டாம் முறை, கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல், ஆடி ஆடி மேலே வந்தான் என் தம்பி.

"எதுக்குக்கா இந்த வெயில்ல ஓடுதிய?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"காருக்கு நூத்தி நாலு!"

"அதுக்கென்ன? நேத்து டீக்கடையில பேப்பர் வாசிச்சாவ. நம்ம பக்கம் நூத்தி நாலு டிகிரி வெயிலாம். ஆடு மேயத்தான செய்யுது?"

சங்கரி போனை வாங்கித் துடைத்தாள். திரையைப் பெரிதாக்கினாள். எண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவில் ஓர் எழுத்து. செயலி புதுப்பித்துக்கொண்ட ஜோரில் செல்சியஸை விட்டு ஃபாரன்ஹீட்டுக்கு மாறியிருந்தது. நூற்று நான்கு ஃபாரன்ஹீட் என்றால் நாற்பது செல்சியஸ். மே மாதத்தில் ஓடுகிற காருக்கு ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கைப் பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் போடுகிறவள் நான். தப்பாகப் போட்ட பிள்ளைகளைப் பத்து முறை எழுத வைத்தவளும் நான்தான்.

போனுக்குள் ஜெர்மனி சிரித்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சங்கரியின் சேலைக் கொசுவத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். தோளில் தொங்கிய கேனைத் திறந்து அவள் காலைக் கழுவிவிட்டார். பொழுது சாயும்வரை அவருக்கு இருந்த தண்ணீர் அதுதான். என்னிடம் கொடுக்க ஒரு சொட்டு இல்லை. எல்லாவற்றையும் காருக்கு ஈரத்துணிப் பத்தாகப் போட்டுவிட்டேனே.

"போ தாயி. பயப்படாமப் பேசிட்டு வா."

"சாவியைக் கொடும்மா" என்றாள் சங்கரி. அவள் ஓட்டினாள். போனையும் அவளே வைத்துக்கொண்டாள். நான் பின்சீட்டில், என் ஈரத் துண்டின் மேலேயே உட்கார்ந்து போனேன். பதினொன்று இருபத்தைந்துக்கு வாசலைத் தொட்டோம். வேலை கிடைத்தது.

இப்போது அவள் தூத்துக்குடி விடுதியில் இருக்கிறாள். "நல்லா இருக்கேன்" என்று எழுதுவதற்குப் பதில் தினமும் காலையில் "98.4" என்று மட்டும் அனுப்புகிறாள். சாம்பார் கொதித்தால், "துண்டு நனைச்சுக் கொண்டாரவா?" என்கிறார் கணவர்.

மகளைப் பார்க்கப் போகும் ஞாயிறுகளில் எட்டயபுரம் தாண்டி நிறுத்துவேன். பேச்சியம்மாள் (பெயரைக்கூட இரண்டாம் முறைதான் கேட்டேன்) பெரும்பாலும் அங்கேதான் மேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு கேன் தண்ணீரும் ஒரு பொட்டலம் கடம்பூர் போளியும் கொடுப்பேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் காரின் முன்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு அதே கையை என் நெற்றியில் வைப்பார்.

"காருக்கு ஒண்ணுமில்லக்கா. ஒங்களுக்குத்தான் லேசா இருக்கு."