குழாயடியில் ஒரு தோள்வலி வழக்கு

இந்த வருடம் எண்பது கோசில் ஒன்றைக்கூடத் தொடப்போவதில்லை என்று மா தொக்சு சபதம் செய்தார். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்கிற துணிச்சல் இருந்திருந்தால் அவருடைய முப்பத்திரண்டு வருடக் குடித்தனம் வேறு மாதிரிப் போயிருக்கும்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை வீட்டில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி என்னும் கோசு ஊறுகாய் போடும் நாள். மனைவி சுன்ஹியும் அவளுடைய இரண்டு அக்காமாரும் உட்கார்ந்து பேசுவார்கள். தொக்சு பிசைவார். மிளகாய்ப்பொடியும் பூண்டும் இறால் ஊறுகாயும் முள்ளங்கிச் சீவலும் குழைத்த அந்தச் சிவப்புச் சேற்றை எண்பது கோசின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் தடவ வேண்டும். ஒரு கோசில் எத்தனை இதழ் என்பது கடவுளுக்குத் தெரியும். தொக்சுவின் இடுப்புக்கும் தெரியும்.

அதே சனிக்கிழமைதான் வெறுங்கால் நடைச் சங்கத்தார் தோகோ வெந்நீர் ஊற்றுக்குப் பேருந்தில் போகிறார்கள். பதினேழாம் இருக்கை, ஜன்னலோரம், தொக்சுவின் பெயரில். ஒரு மாதமாக அவர் அந்த இருக்கையில்தான் மனதளவில் குடியிருந்தார். கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்து கிடப்பது. பிறகு துண்டை ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வேகவைத்த முட்டை தின்பது. இதைவிட மேலான ஒரு நிலை மனிதனுக்கு உண்டென்று அவர் நம்பவில்லை.

இந்தச் சண்டைக்கு அவர் கையிலிருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று. வலது தோளில் ஒரு வலி. சுண்டுவிரல் அளவு வலி. வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயசாகுதுல்ல?" என்று அனுப்பிவிட்டார். வயதைக் காட்டிச் சுன்ஹியிடம் விடுமுறை வாங்க முடியாது. அவளுக்கும் அதே வயது.

ஆகவே தொக்சு மேல்கோர்ட்டுக்குப் போனார்.

அவர்கள் அடுக்ககத்துக்குப் பின்னால், குன்றின் அடிவாரத்தில் மஞ்சள் களிமண் பாதை ஒன்று உண்டு. குளிர்காலத்துக்கு அதன்மேல் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். விடிந்தால் அறுபது பேர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சளக் சளக்கென்று மிதிப்பார்கள். மிதித்து முடித்தால் கால் கழுவும் குழாயடி. அந்தக் குழாயடிக்கு ஒரு மரியாதை உண்டு. கால் கழுவுகிறவர் தன் உடம்புக்கு என்ன என்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் மருந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போவது அநாகரிகம். 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை அங்கே ஒலித்ததே இல்லை.

பலகையின் நடுவில் சார்ஜென்ட் பியோ. பட்டாளத்தை விட்டு இருபது வருடமாகியும் பட்டாளம் அவரை விடவில்லை. அவருக்குப் பக்கத்தில் யோம் அம்மா. ஏழு நோயோடு வந்து ஏழையும் மண்ணில் மிதித்துப் புதைத்தவர்.

புதன்கிழமை காலை தொக்சு ஒரு காலை மட்டும் கழுவிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என்ன மா தம்பி! மூஞ்சி தொங்குது! சொல்லு! சுருக்கமா!"

"தோள்பட்டைண்ணே. வலது பக்கம்."

"தூக்கு கையை!"

காதுவரை போகிற கையை மார்போடு நிறுத்தி, "அம்மா!" என்றார் தொக்சு.

"நில்! ஐம்பது வயசுத் தோள்! ஐம்பதுல வர்ற தோள் இறுக்கம்!"

"எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சேண்ணே."

"பதினோரு வருஷம் லேட்டா வந்திருக்கு! அதுவும் ஒழுங்கீனம்!"

யோம் அம்மா கன்னத்தில் கைவைத்தார். "ஐயோஓஓ மா தலைவரே! என்னோட ரெண்டாவது நோயே அதுதானே! முதுகு சொறிய முடியாம, கதவு நிலையில போய் மாடு மாதிரி உரசிக்கிட்டு நிப்பேன். எங்க வீட்டுக்காரர் 'அம்மா'ன்னு கத்து பாக்கலாம்னு கிண்டல் பண்ணுவாரு. பாவி மனுஷன்!"

தொக்சு தூண்டிலை மெல்ல உள்ளே விட்டார். "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்தக் கையோட... கோசு கீசு... கிம்ச்சி கிம்ச்சி..."

"கூடாது! பத்து நாளைக்குத் தோளுக்கு மேல கையைத் தூக்கவே கூடாது! உத்தரவு!"

"வெந்நீர் ஊற்று?"

"அவசியம்!" என்றார்கள் பலகையிலிருந்த எல்லாரும்.

தொக்சுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. படம் எடுக்கவில்லை, பரிசோதனை இல்லை, கால் மட்டும் கழுவினார். முழு விடுதலை! அறிவு என்பது வெள்ளைக் கோட்டில் இல்லை, சேற்றுக் காலில் இருக்கிறது என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது.

வீட்டில் சுன்ஹி தரையில் செய்தித்தாள் விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சூபின் அம்மா, ஒரு விஷயம்," என்று எப்போதும்போல் பிள்ளையின் பெயரால் அவளைக் கூப்பிட்டார் தொக்சு. " குழாயடில எல்லாரும் என் தோளைப் பாத்துப் பயந்துட்டாங்க."

"அப்படியா? சார்ஜென்ட் அண்ணனுமா?"

"அவருதான் ரொம்பப் பயந்தாரு."

"என்ன சொன்னாரு? வார்த்தை மாறாம சொல்லுங்க."

"தோளுக்கு மேல கையைத் தூக்கக் கூடாது. பத்து நாள்."

"தோளுக்கு மேல," என்றாள் சுன்ஹி. அடுத்த பூண்டை எடுத்தாள். "அவங்க சொன்னா நீங்க மீறுவீங்களா, சூபின் அப்பா?"

"உயிரே போனாலும் மீற மாட்டேன்!"

"அப்ப நாமளும் கேட்டுத்தான் ஆகணும்."

அவ்வளவுதான். கத்தல் இல்லை. பூண்டு பறந்து வரவில்லை. தொக்சு அறைக்குள் போய் ஓசையில்லாமல் இரண்டு சுற்று ஆடினார், இரண்டு கையையும் தூக்கி.

வியாழக்கிழமை காலை பாதைக்குக் கிளம்பும்போது சுன்ஹி கூடவே வந்தாள். மண் வாசனையே ஆகாது என்று நாலு வருடமாக எட்டிப் பார்க்காதவள், செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு அடக்க ஒடுக்கமாக நாலு சுற்று நடந்தாள். குழாயடிக்கு வந்தாள். கால் கழுவினாள். ஒன்றும் பேசவில்லை.

"புது ஆள்! உடம்புக்கு என்ன?" என்றார் சார்ஜென்ட்.

"சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க."

பலகை முழுவதும் முன்னால் சாய்ந்தது. அந்தக் குழாயடியில் இந்த வாக்கியத்தைப் போலப் பசியைக் கிளப்புவது வேறில்லை.

"இல்லம்மா, சொல்லு! என்னோட அஞ்சாவது நோயும் இப்படித்தான் ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சுது!" என்றார் யோம் அம்மா.

"பூண்டு உரிச்சா உள்ளங்கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. மிளகாய் வாசனை வந்தா நெஞ்சுல படபடன்னு ஒரு இது. பரவாயில்லீங்க. சனிக்கிழமை எண்பது கோசு இருக்கு, ஒத்தையா சமாளிச்சுக்குவேன். அவருக்குத்தான் பாவம், தோளு."

யோம் அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்தது. இதுவரை யாரும் இரண்டு நோயை ஒரே மூச்சில், அதுவும் புருஷனுக்காக இரக்கப்பட்டுக்கொண்டே சொன்னதில்லை.

"வெந்நீர் ஊற்று!" என்றது பலகை.

"பேருந்துல இடம் இல்லியேம்மா. நாப்பத்தஞ்சும் நிரம்பிருச்சே," என்றார் யோம் அம்மா. எல்லாத் தலைகளும் மெதுவாகத் திரும்பின. பதினேழாம் இருக்கை இடது காலைக் கழுவிக்கொண்டிருந்தது.

"ஐயோ, வேணாங்க!" என்று சுன்ஹி பதறினாள். "அவரு இடத்தை நான் பறிக்கறதா? தோளு முக்கியம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும், சார்ஜென்ட் அண்ணே. உங்களை மாதிரி விவரம் தெரிஞ்சவங்க கிட்டதான் கேக்க முடியும். கிம்ச்சித் தொட்டி தரையில இருக்கு. குந்தி உக்காந்து பிசையறோம். கை முழங்காலைத் தாண்டி மேல வராது. அது தோளுக்கு மேலயா? கீழயா?"

பலகையிலிருந்தவர்கள் தங்கள் முழங்காலையும் தோளையும் தொட்டு அளந்து பார்த்தார்கள்.

"கீழ!" என்று முழங்கினார் சார்ஜென்ட். மலைமேல் ஒளியைக் கண்டவர் போல எழுந்து நின்றுவிட்டார். "கீழதான்! பட்டாளத்துல முன்னூறு பேருக்குக் கிம்ச்சி போட்டோம்! ஒருத்தனுக்காவது தோள் வலிச்சுதா?"

"அவங்களுக்கெல்லாம் இருபது வயசுண்ணே," என்றார் தொக்சு.

"எதிர்த்துப் பேசாதே!"

யோம் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. "மிளகாய்ச் சூடு! கையுறை வழியா உள்ள போயி, முழங்கை வழியா ஏறி, நேரா தோள்ல போய் உக்காரும்! ஊத்துத் தண்ணியெல்லாம் அது கிட்ட நிக்குமா? எண்பது கோசுன்னா எண்பது வேளை மருந்து, மா தலைவரே! குடுத்து வச்சவரு நீங்க!"

தொக்சு கடைசிக் கட்டையைப் பிடித்துப் பார்த்தார். "இவ கைக்கு ஒண்ணும் இல்லீங்க! நேத்து இறால் ஊறுகாய் ஜாடியை ஒரே திருகுல திறந்தவ இவதான்!"

"ஏன், நீங்க திறக்கலியா?" என்றார் யோம் அம்மா.

"நான்... என் தோளு..."

"பாத்தீங்களா எல்லாரும்! எறும்பு ஊர்ற கையோட புருஷனுக்கு ஜாடி திறந்து குடுத்திருக்கு இந்தப் பொண்ணு!"

சுன்ஹி தலையைக் குனிந்துகொண்டாள். தொக்சு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வர வேண்டிய இடத்தில் ஏதோ பயபக்தி மாதிரி ஒன்று வந்தது. ஒரு குரல் உயரவில்லை. ஒரு பொய் என்று பிடித்துக் காட்ட ஒன்றுமில்லை. அவர் ஒரு மாதம் கட்டிய கோட்டையை, அவருடைய செங்கல்லையே உருவி, அவரையே அதற்குள் வைத்துப் பூசிவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் இந்த மேதையோடா ஒரே போர்வையில் தூங்கினோம்?

வழியில் கேட்டார். "சூபின் அம்மா, நெஜமாவே எறும்பு ஊருதா?"

"குழாயடித் தீர்ப்புக்கு மேல அப்பீல் இருக்கா, சூபின் அப்பா?"

இல்லை.

வெள்ளிக்கிழமை எண்பது கோசும் பிளந்து, குளியல் தொட்டியிலும் வாளிகளிலும் உப்புநீரில் கழுத்துவரை அமிழ்ந்து சுகமாகக் கிடந்தன. தொக்சு அவற்றைப் பொறாமையோடு புரட்டிவிட்டார்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பேருந்து கிளம்பியது. பதினேழாம் இருக்கையிலிருந்து சுன்ஹி எறும்பு ஊர்கிற கையை உற்சாகமாக ஆட்டினாள். வீட்டில் அவளுடைய இரண்டு அக்காமாரும் வந்து இறங்கினார்கள். தொக்சுவுக்குச் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிவிட்டு, தொட்டியின் இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தார்கள்.

"மாப்ளே, கையை உசத்தாதீங்க. உத்தரவாம்ல?"

பத்தாவது கோசில் முதுகு விறைத்தது. முப்பதாவதில் மூக்கு ஒழுகியது. ஐம்பதாவதில் தோளுக்குள் என்னமோ கதகதவென்று பரவியது. எண்பதாவதை மடித்துப் பெட்டியில் அடைத்துவிட்டு, மேல் அலமாரியிலிருந்த எள்ளு டப்பாவை எடுக்க யோசனையில்லாமல் கையை நீட்டினார். கை போனது. காதைத் தாண்டியது. உச்சிக்கு மேல் போய் டப்பாவோடு திரும்பி வந்தது.

வலி இல்லை. சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

தொக்சு டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. மருத்துவமனையால் ஆகாதது, ஊற்றுக்குப் போகாமலே, மிளகாயால் ஆகியிருக்கிறது! அந்தக் குழாயடி இருக்கிற திசையை நோக்கிக் கும்பிடலாமா என்று நினைத்தார். அதற்குள் கைபேசி அழைத்தது.

திரையில் ஊற்றின் ஓய்வுக் கூடம். ஆட்டுக்கொம்புத் துண்டுகளோடு இளஞ்சிவப்பாக வெந்த இருபது முகங்கள். நடுவில் சுன்ஹி. பத்து வயது குறைந்திருந்தாள். உள்ளங்கையில் உரித்த முட்டை.

"சூபின் அப்பா! தோளு எப்படி இருக்கு? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!"

"நிலவரம் சொல்லு! சுருக்கமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தொக்சு வாயைத் திறந்தார். சட்டென்று மூடினார். குணமாகிவிட்டது என்றால் முடிந்தது கதை: இனி ஆயுள் முழுக்க வருடத்துக்கு எண்பது கோசு, அவள் பெயரில் ஜன்னலோரம். குணமாகவில்லை என்றாலோ அந்தக் கூட்டம் மருந்தின் அளவைக் கூட்டும், எப்போதும் கூட்டித்தான் பழக்கம். இரண்டு பக்கமும் கிணறு. அறுபத்தொரு வருடத்து மூளை முழுவதையும் திரட்டினார். இரண்டு கிணற்றுக்கும் நடுவில் ஒரு நூல் அளவு பாதை தெரிந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே வியந்துகொண்டு, அடக்கமாகச் சொன்னார்.

"பாதி. சரியா பாதி குணமாயிருக்கு."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. சுன்ஹி நெஞ்சில் கைவைத்து நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"நல்லவேளை, நாளைக்கு எங்க பெரியக்கா வீட்டுல இன்னும் நாப்பது கோசு இருக்கு, மீதிப் பாதி அங்க குணமாயிரும்."