எருமை கொடுத்த வாக்கு

எனக்கு ஞானம் கிடைத்தது ஓர் எருமையிடமிருந்து. இத்தனை நாள் இதை எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். முப்பது வருடமாகப் பென்சிலும் கையுமாகப் படித்தவன் நான். கிரேக்கர்களை அடிக்கோடிட்டிருக்கிறேன். சீனர்களின் ஓரத்தில் 'ஆஹா' என்று எழுதியிருக்கிறேன். புரியாத ஜெர்மானியர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, அதையே விமர்சனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவர்கள் எல்லோரும் சேர்ந்து தர முடியாத நிம்மதியைத் தந்தது, குழந்தைகள் சேனலில் தினமும் பதினோரு நிமிடம் வரும் போண்டா என்கிற கார்ட்டூன் எருமை.

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு புத்தக மூட்டையை இறக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது. (மூட்டையில் இருந்தவை யோகாசனப் புத்தகங்கள் என்பதை என் மனைவி பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் தவறாமல் சொன்னாள்.) டாக்டர் மூன்று வாரம் மல்லாந்து கிடக்கச் சொன்னார். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மஞ்சள் மாத்திரை. அதை விழுங்கி முக்கால் மணி நேரத்தில் கட்டில் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்து, மெல்ல ஆடத் தொடங்கும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் ஒன்றாகிவிடும். வெளியே ஆத்தூர் ரோட்டில் போகும் பஸ்களின் ஹாரன் எங்கோ கடலுக்கு அடியிலிருந்து கேட்கும்.

அந்த நிலையில்தான் தினமும் நாலு மணிக்கு மாடி வீட்டுக் குழந்தைகள் மூவரும் வருவார்கள். அவர்கள் வீட்டில் பரீட்சை முடியும்வரை டி.வி.க்குத் தடை. ரிமோட்டை எடுப்பதற்கு முன் என்னைக் கேட்பதில்லை. நான் அவர்களுக்கு மேஜை, நாற்காலி வகையறா.

திரையில் பச்சைப் புல்வெளி விரியும். அதன்மேல் எந்த ஊருக்கும் போக வேண்டிய கட்டாயமில்லாத மேகங்கள். நடுவில் ஒரு குளம். குளத்தில் இரண்டு கண்ணும் இரண்டு கொம்பும் மட்டும் தெரிய, போண்டா. அதன் கழுத்து மணி தொலைந்துபோகும். "அதுவும் நல்லதுதான். இனி நான் வருவது யாருக்கும் தெரியாது" என்னும். குளம் வற்றிவிடும். "அதுவும் நல்லதுதான். இன்று கொஞ்சம் நடக்கலாம்." தலைமேல் ஒரு காகம் வந்து உட்காரும். "அதுவும் நல்லதுதான். தொப்பி."

தொப்பி என்ற அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். எவ்வளவு பெரிய விஷயம் இது என்று எண்ணியபடியே கண் செருகும். கனவிலும் குளம் இருக்கும், நானும் இருப்பேன், தண்ணீர் கழுத்துவரை குளுகுளுவென்று இருக்கும். விழிக்கும்போது ஏதாவது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைகள் போயிருப்பார்கள்.

இரண்டாவது வாரத்தில் சித்தாந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். பொரியல் தீய்ந்தது. அதுவும் நல்லதுதான். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை என்று ஆபீஸ் நண்பர் போனில் சொன்னார். அதுவும் நல்லதுதான் என்றேன். நான் புலம்புவேன், ஆறுதல் சொல்லலாம் என்று ஆசையாக அழைத்தவர், ஏமாந்துபோய் போனை வைத்தார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக நான் எதற்கும் எரிந்துவிழவில்லை. என் மனைவிக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏனுங்க, டாக்டருகிட்டக் கேட்டு அந்த மாத்திரையக் கொறைச்சரலாமுங்க" என்றாள்.

நான்காவது வாரம், நாமக்கல்லில் இருக்கும் என் அக்காவின் மகள் நிவேதாவுக்கு நிச்சயம் பேச வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆத்தூர்க்காரர்கள், அரிசி ஆலை வைத்திருப்பவர்கள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், கோழிப்பண்ணைக்காரர். பகல் முழுவதும் கோழிகளோடு இருந்து இருந்து மனிதர்களிடம் பேசும் பழக்கம் விட்டுப்போனவர். எனவே பேச வேண்டியது தாய்மாமனாகிய நான். எங்கள் பக்கம் தாய்மாமன் வாயிலிருந்து வருவது பேச்சு அல்ல, வாக்கு. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

காரின் பின் சீட்டில், இடுப்பில் பெல்ட்டோடு படுத்தபடி போனேன். மாத்திரையும் போட்டிருந்தேன். ஜன்னலில் ஊர்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. மின்கம்பிகள், லாரிகளின் தார்ப்பாய், ஏதோ மண்டபத்துப் பெயர்ப்பலகையின் கடைசி எழுத்து, அப்புறம் கொல்லிமலையின் நீல விளிம்பு. உலகம் இவ்வளவு இலேசாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இறங்கியதும் நிவேதா என்னைச் சமையலறைப் பக்கம் ஓரங்கட்டினாள். அவள் கோழித்தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்காக மூன்று முறை பரீட்சை எழுதியவள்.

"மாமா, மண்டபம், நகை, நாளு, எதுக்கு வேணா தலையாட்டுங்க. வேலைய உடச் சொன்னா மட்டும் ஆவாதுன்னு சொல்லிப்போடோணும். அப்பா பேச மாட்டாருங்க. உங்களத்தான் நம்பியிருக்கறேன்."

நான் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் மாதிரி ஏதோ செய்தேன். (கையை எடுக்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றதாக அக்கா சொல்கிறாள்.)

ஹாலில் இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது பேர். எனக்கு மட்டும் தலையணை வைத்த நாற்காலி. பேச்சு தொடங்கியது. கல்யாணத்தை ஆத்தூரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நாமக்கல்லில்தான் வைக்க வேண்டும் என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் நல்லதுதானுங்க என்றேன். ஆவணியில் வைக்கலாமா? அதுவும் நல்லதுதானுங்க. ஆவணி வேண்டாம், தையில் வைக்கலாம் என்றார் அவர்களில் ஒரு சித்தப்பா. அதுவும் நல்லதுதானுங்க. எவ்வளவு தன்மையான சம்பந்தி என்று அந்தப் பக்கம் முகங்கள் மலர்ந்தன. நான் குளத்தில் கழுத்துவரை இருந்தேன்.

"கடைசியா ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பொண்ணு வேலைக்குப் போயித்தான் ஆவணும்னு எங்க வீட்டுல ஒண்ணுமில்ல. விட்டுட்டு வீட்டோட இருக்கட்டும்னு நெனைக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?"

"அதுவும் நல்லதுதானுங்க" என்றேன்.

உள்ளே சட்னிக்கு ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறினேன். கதவோரம் நிவேதா நின்றாள். அவள் அழவில்லை. பரிசோதனைக்கு வந்த தீவனத்தில் பூஞ்சையைக் கண்டுபிடித்தவள்போல என்னைப் பார்த்தாள்.

அதற்குள் அந்தப் பக்கம், எல்லாம் பேசி முடிந்தது, தட்டு மாற்றிவிடலாம் என்று எழுந்துவிட்டார்கள். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். முப்பது வருடம் படித்ததில் ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் அக்கா மகள், யாழினி என்று பெயர், ஐந்து வயது, முறுக்கைக் கடித்தபடி தெளிவாகச் சொன்னாள்:

"அம்மா, இந்தத் தாத்தா எருமை மாதிரியே பேசறாரு."

குழந்தையின் அம்மா அதன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அது வீறிட்டது. மாப்பிள்ளையின் அப்பா, குழந்தை தெரியாமல் பேசிவிட்டது என்று கைகூப்பினார். இருபது வருடமாக மனிதர்களிடம் பேசாத என் மச்சான் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்கூட்டுல வந்து எங்க மச்சினன எருமைன்னா எப்படீங்க?"

இங்கே ஒரு ரகசியத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஓர் அருமையான வழி தெரிந்தது. அவமானப்பட்டவனாகக் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் பேச்சு முறியும். பேச்சு முறிந்தால் கொடுத்த வாக்கும் போகும். என் மானமும் மிஞ்சும், நிவேதாவின் வேலையும் மிஞ்சும். முகத்தைக் கடுமையாக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். ஆனால் அந்தக் குழந்தை தொடையைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தது. பொய் சொல்லாதவர்கள் அடிவாங்கும்போது பார்க்கும் பார்வை.

"பாப்பா சொன்னது நெசமுங்க" என்றேன். "நான் பேசுனது எருமையோட பேச்சுத்தான்."

அப்புறம் முப்பது பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு, மாத்திரை, மாடி வீட்டுக் குழந்தைகள், குளம், காகம், தொப்பி. சொல்லச் சொல்ல, 'ரொம்பப் படிச்ச மனுஷன்' என்று அக்கா என்னைப்பற்றி ஊரெல்லாம் கட்டியிருந்த கோபுரம் கலசத்திலிருந்து சரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

யாழினி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அருகில் வந்தாள்.

"ஆனா நீங்க தப்பா சொல்றீங்க தாத்தா. ஏதாச்சும் நடந்த அப்புறந்தான் போண்டா அப்புடிச் சொல்லும். யாராச்சும் கேள்வி கேட்டா சொல்லாது."

"கேட்டா என்ன பண்ணும் சாமி?"

"மெல்லும். நாளைக்கு வான்னு சொல்லும். அது ரெண்டாவது பாதில வரும்."

இரண்டாவது பாதி. ஒரு நாள்கூட நான் ஆறாவது நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஒரு புத்தகத்தையும் முன்னுரையோடு நிறுத்தாதவன், அடிக்குறிப்புவரை விடாதவன், முதல்முறையாக எனக்குப் புரிந்த ஒரே தத்துவத்தைப் பாதியில் தூங்கிவிட்டுக் கடைப்பிடித்திருக்கிறேன். நடந்துவிட்டதற்குச் சொல்ல வேண்டியதை, இனி நடக்கலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

நிவேதா கதவை விட்டு வெளியே வந்தாள். யாழினியின் பக்கத்தில் நின்றுகொண்டு, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

"நான் வேலைய உடறதா இல்லீங்க. இது கேள்வி இல்லீங்க, சேதி."

தட்டு நடுவழியில் நின்றது. பெரியவர் மகனைப் பார்த்தார். மகன், இது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தரையைப் பார்த்துப் புன்னகைத்தான். பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிள்ளிய இடத்தைத் தடவியபடி சொன்னார்:

"அதுவும் நல்லதுதான்."

தட்டு மாறியது.

ஆத்தூருக்கு நான் சொன்ன சம்மதத்தை எருமைக் கணக்கில் எழுதிவிட்டு, கல்யாணத்தை நாமக்கல்லிலேயே நடத்தினார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தச் சுபகாரியப் பேச்சுக்கும் என்னை அழைப்பதில்லை. முடிந்த பிறகு சாப்பாட்டுக்கு அழைக்கிறார்கள். இரண்டு வீடுகளிலும் யார் யாரிடம் எதை ஆரம்பித்தாலும் முதலில் "கேள்வியா, சேதியா?" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. சம்பந்தியம்மாள் ஆத்தூரிலிருந்து போன் செய்யும்போதுகூட நலம் விசாரிப்பதற்கு முன் இதைத்தான் தெளிவுபடுத்துகிறார்.

போன மாதம் நிவேதா அழைத்தாள். "மாமா, சேதிதானுங்க. எனக்கு ஐதராபாத்துல ரெண்டு மாசம் பயிற்சி. பாப்பா உங்ககிட்டத்தான் இருப்பா. துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு."

அவள் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. நான் போண்டா மாதிரி வாயை அசைத்து மெல்லத் தொடங்குவதற்குள் கார் வாசலுக்கு வந்துவிட்டது.