மந்திரியைச் சுற்றுவழியில் கொண்டுபோனது

மெல்போர்னில் ரொட்டிக்கடையையும் தொந்தியையும் சேர்த்தே வளர்த்துவரும் மச்சான் விஸ்டினுக்கு, மால்ட்டாவிலிருந்து கார்மெனு எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் புனித நிக்கோலாஸ் பார்த்துக்கொள்வாராக.

முதலில் ஒரு வெட்கக்கேடு. போன வாரம் பாராளுமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் தூங்கிவிட்டேன். ஐரோப்பாவோடு இன்னும் நெருங்கிச் சேருவதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினால் யாருக்குத்தான் தூக்கம் வராது? விவாதத்தை ரேடியோவில் அப்படியே விடுகிறார்கள். உன் தங்கை, "இது எங்க வீட்டுக் குறட்டைதான்!" என்று தெருவையே கூட்டிவிட்டாள். விழித்தபோது காதில் விழுந்தது இது: நாட்டின் செலவு வரவை மிஞ்சிவிட்டதாம், பிரஸ்ஸல்ஸ்காரர்கள் முறைக்கிறார்களாம், அதனால் மந்திரிகளின் டிரைவர்களை நிறுத்தப்போகிறார்களாம். எங்கள் மந்திரி சல்வுவுக்கு டிரைவர் நான்தானே!

"ஐயா, ஐரோப்பா கவுந்து கெடக்குறது என் சம்பளத்தாலயா?" என்றேன்.

"நாட்டுக்காகடா கார்மெனு" என்றார்.

ஆளும் கட்சியில் ஒரு தலை குறைந்தால், டிரைவர்களை நிறுத்தும் அந்த வரவுசெலவு மசோதா கவிழ்ந்துவிடும். ஆகவே ஓட்டெடுப்பு நாளில் நேர்வழியை விட்டு, திருவிழா நடக்கும் சிஜ்ஜீவி ஊர் வழியாக வண்டியைத் திருப்பினேன். பாண்டு ஊர்வலம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மசோதாவோடு ஆட்சியும் கவிழும், மந்திரியும் போவார், மந்திரி போனால் அவர் டிரைவரும் போவான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். பார்த்தால் எதிர்க்கட்சி நேனு! அவரும் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் ஒருவர் வராவிட்டால் அந்தப் பக்கம் ஒருவர் ஓட்டுப் போடாமல் இருந்து ஈடுகட்டுவது நம் பாராளுமன்ற வழக்கமாயிற்றே. சபையில் ஒருவரையொருவர் திருடன் என்று ஏசும் இருவரும் ஜன்னல் வழியே பேசிக்கொண்டார்கள்.

"நீ போகாத, நானும் போகல."

"சத்தியம் பண்ணு."

"கட்சி மேலயா?"

"அய்ய, கட்சி மேல வேணாம். புனிதர் மேல பண்ணு."

கைகுலுக்கி, சூடாகச் சீஸ் பொதிந்த பஸ்டிட்ஸி வாங்கி, என் வண்டி முகப்பில் வைத்தே தின்றார்கள். மசோதா நிறைவேறியதை ரேடியோவில் கேட்டோம். மந்திரி என் முதுகில் தட்டி, "பாத்தியா, நாடு பொழைச்சிருச்சு. நாளையிலேர்ந்து வராத" என்றார்.

ஆகவே மச்சான், உன் கடையில் மாவு பிசைய எனக்கு ஓர் இடம் போட்டு வை. உன் தங்கை பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். உன் பிள்ளைகளுக்கு முத்தம், உன் மனைவிக்கு வணக்கம், தொந்திக்குத் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
கார்மெனு

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு. பெட்டியைப் பிரித்தாயிற்று. இன்று காலை மந்திரி தானே வண்டியை ஓட்டிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். அவருக்கு நீச்சல் தெரியும். என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வண்டியைத் திங்கட்கிழமை தூக்குவார்களாம். அதுவரை கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன்.