சாடைக்காரிக்குப் பேச்சு வந்த வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் விலாசம் கொடுக்காமல் போய்விட்டான். ஆனால், கை என்கிற அநாவசிய உறுப்பு இல்லாமலே மனிதனை வரையலாம் என்று கண்டுபிடித்த மகான் யாரென்று நமக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு படக்கதை மாத இதழின் ஓவியத் தலைவர். இரண்டாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியே உலகம் தெரியும்; உலகம் தெரிந்தால் ஓவியம் கெடும் என்பது அவருடைய கொள்கை.

அவர் பதவியேற்ற நாளிலிருந்து அந்த இதழ் அடைந்த முன்னேற்றத்தை என்னவென்று சொல்வது! முன்பெல்லாம் கதையில் பத்துப் பேர் வந்தால் பத்து முகம் வரைந்து நேரத்தை வீணடித்தார்கள். தலைவர் 'மூலமுகம்' என்று ஒன்றைக் கணினியில் வரைந்து வைத்தார். அதற்கு மீசை வைத்தால் அப்பா, மீசையை எடுத்தால் அம்மா, கண்ணாடி மாட்டினால் நீதிபதி. நாய்க்கும் அதே முகம்தான், காது மட்டும் கொஞ்சம் கூடுதல். கால் வரைவது சிரமம் என்பதால் தரையெல்லாம் புகை. குளியலறையில் புகை, நீதிமன்றத்தில் புகை, கடலுக்கு அடியிலும் புகை. 'இது நம் பாணி' என்று தலையங்கம் வந்தது. பாணி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் என்ன கேட்க முடியும், சொல்லுங்கள்?

கைகளைப் பற்றித் தனிச் சுற்றறிக்கையே உண்டு. "கைகள் சட்டைப்பைக்குள் இருக்கும். பை இல்லாத உடையாயின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் வழியில்லையெனில் வசனப் பிரிவு ஆவன செய்யும்."

வசனப் பிரிவு என்பது ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் வசனக்கா என்று கூப்பிட்டார்கள். பாத்திரங்கள் பேசுவதை எழுதி, ஒரு வெள்ளை வட்டத்துக்குள் அடைத்து, படத்தில் வைப்பது அவள் வேலை. அந்த வட்டத்துக்குத் தொழிலில் பலூன் என்று பெயர். முன்பு பேச்சுக்குத் தக்கபடி பலூன் வைத்தாள். இப்போது எவ்வளவு மறைக்க வேண்டுமோ அவ்வளவு பேச்சு எழுதினாள். போன வருஷம் ஒரு கதாநாயகன் மலை உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கினான். அந்தக் கை துடைப்பம் மாதிரி வந்துவிட்டது. அதன்மேல் பன்னிரண்டு வரிப் பலூன் போட வேண்டியதாயிற்று. பாவம் அந்தப் பிள்ளை, தொங்கிக்கொண்டே தன் குடும்ப வரலாறு முழுவதையும் சொல்லி முடித்து, வாசகர்களின் நலம் விசாரித்த பிறகுதான் அவனால் விழ முடிந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது சாடைக்காரி விஷயத்தில்தான்.

சாடைக்காரி என்பவள் அந்த இதழில் ஆறு வருஷமாகத் துப்பறிகிற பெண். காது கேட்காது, வாய் பேசாது, பேச்சு முழுக்கக் கையால். அவளைப் படைத்தவளே வசனக்காதான். காரணம் வீட்டில் இருந்தது. பத்து வயது மகள், பிறந்ததிலிருந்து காது கேளாதவள். அம்மாவும் மகளும் கையால்தான் பேசுவார்கள், கையால்தான் சண்டை போடுவார்கள். சண்டை முற்றினால் ஒரு பாத்திரம் விழும். மற்றபடி சத்தம் இருக்காது. உலகத்துப் படக்கதைகள் அத்தனையிலும் தன்னைப்போல் பேசுகிறவள் சாடைக்காரி ஒருத்திதான் என்பது மகளுடைய கணக்கு. மாதத்தின் முதல் தேதியன்று, அம்மா இதழோடு வரும்வரை வாசற்படியை விட்டு நகர மாட்டாள்.

ஒரு மாதம், ஒன்பதாம் பக்கத்தில், 'திருடன் மாடியில் இருக்கிறான்' என்று சாடைக்காரி போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பேசாதவளுக்குப் பலூன் ஏது? அதுவரை பழைய இதழ்களில் இருந்த அவள் கைகளையே வெட்டி ஒட்டிச் சமாளித்தாயிற்று; இந்தச் சொல்லுக்குப் பழைய படம் இல்லை. கையை மறைக்க வழியில்லாமல், ஓவியத் தலைவர் துணிந்து அதை வரைந்துவிட்டார்.

மகள் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். தன் கையை அதேபோல் மடக்கிப் பார்த்தாள். வரவில்லை. அம்மாவின் கையை இழுத்து, அதிலிருந்து இரண்டு விரலை எடுத்துத் தன் விரல்களோடு சேர்த்துப் பிடித்தாள். இப்போது சரியாக வந்தது. ஒரே கையில் ஏழு விரல்.

"என்னம்மா சொல்றா இவ?" என்று கையை விடுவித்துக்கொண்டு கேட்டாள்.

"திருடன் மாடியில இருக்கான்னு சொல்றா," என்றாள் வசனக்கா, கையால்.

"இல்லம்மா. 'குடை வெந்துடுச்சு'ன்னு சொல்றா."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவளுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.



மறுநாள் வசனக்கா நேராக ஓவியத் தலைவரிடம் போய் நின்றாள். "சார், சாடைக்காரி வர்ற படத்துக்கெல்லாம் நான் வந்து கையை வச்சுக் காட்டுறேன். நீங்க அப்படியே பார்த்து வரைஞ்சிடுங்க."

தலைவர் ஆடிப்போனார். "பார்த்தா? என்னக்கா பேசறீங்க! பார்த்து வரையறதுக்கு நான் எதுக்கு? அதுக்குத்தான் கேமரா இருக்கே."

"போன தடவை ஏழு விரல் விழுந்துடுச்சு சார்."

"குறைஞ்சாதானே தப்பு? வாசகருக்கு நாம எப்பவுமே கூடவே கொடுப்போம்."

ஆனாலும் அவர் பெருந்தன்மைக்காரர்; புகாரை மேலிடத்துக்கு எடுத்துச் சென்றார். 'சாடைக்காரியின் கைகளால் ஏற்படும் நிர்வாக இடையூறு' என்ற பொருளில் அவசரக் கூட்டம் கூடியது. முதலாளி, விற்பனை மேலாளர், ஓவியத் தலைவர், ஓரமாக வசனக்கா.

"ஒரு விபத்து வச்சு ரெண்டு கையையும் எடுத்துடலாம்," என்றார் விற்பனை மேலாளர். "சோகமா இருக்கும். விக்கும்."

"தோள்ல கட்டுப் போடணுமே. துணி மடிப்பு வரையணுமே," என்று கவலைப்பட்டார் ஓவியத் தலைவர்.

"கையில்லாம அவ எப்படிங்க பேசுவா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள் வசனக்கா.

மூன்று பேரும் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, நாமே எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாயால!" என்று மேசையைத் தட்டினார் முதலாளி.

"திடீர்னு எப்படி சார் பேச்சு வரும்?"

"இடி விழட்டும்," என்றார் ஓவியத் தலைவர், உற்சாகமாக. "மின்னல் எனக்கு ரொம்ப நல்லா வரும். கோணக்கோடுதானே!"

"இடி விழுந்தா செத்துப்போவாங்க சார்."

"நம்ம இடி அப்படியெல்லாம் பண்ணாது."

"அவ பேசாம இருக்கிறதுதான் சார் கதையே. அவளுக்கு என்ன குறை?"

"அக்கா," என்றார் முதலாளி. அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "ஆறு வருஷமா ஒரு பொண்ணு பேச முடியாம தவிக்கிறா. நமக்கெல்லாம் மனசாட்சி வேண்டாமா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வசனக்காவுக்கும் மனம் ஒன்று உண்டு என்பது குறிப்பேட்டில் ஏறவில்லை.

"முதல் பேச்சு பதினாலு வரிக்குக் குறையாம இருக்கட்டும்," என்றார் ஓவியத் தலைவர், வெளியே வரும்போது. "ரெண்டு கையும் மறையணும் பாருங்க."

எழுதினாள். எழுதாமல் என்ன செய்வாள்? மகளுடைய பள்ளிக்கூடம் அந்த நாற்காலியை நம்பித்தான் நடந்தது. இதழ் வந்தது. இடி விழுந்தது. சாடைக்காரி பதினாலு வரி பேசினாள். மகள் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தாள். அன்று முழுக்க அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெளியுலகமோ கொண்டாடியது. 'மனிதநேயச் சிறப்பிதழ்' என்று விழா ஏற்பாடாயிற்று. வசனக்காவுக்கு இப்படி ஒரு மகள் இருப்பது எப்படியோ முதலாளி காதுக்கு எட்டியது. இவ்வளவு பொருத்தமான பிள்ளையை இத்தனை நாள் மறைத்து வைத்ததற்காகச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

"கூட்டிட்டு வாங்கக்கா. பாப்பா மேடையில நாலு வார்த்தை நன்றி சொல்லட்டும். அதாவது, காட்டட்டும். நீங்க மொழிபெயர்த்துடுங்க. சுருக்கமா, உருக்கமா."

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் ஆளுயரத்துக்கு இரண்டு பங்கு அட்டைப் படத்தில் சாடைக்காரி, புகைக்கு நடுவே, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி நின்றாள். முதலாளி சிறப்பிதழைக் குழந்தையிடம் கொடுத்து, கேமராப் பக்கம் திரும்பி, "பாப்பா! சாடைக்காரி இப்ப பேசறா! சந்தோஷமா?" என்று கேட்டார். காது கேளாதவளிடம் உரக்கக் கேட்டார். அக்கறை என்றால் அதுதான்.

வசனக்கா அதைக் கையால் சொன்னாள். மகள் இதழைத் தரையில் வைத்தாள். இரண்டு கையும் தேவைப்பட்டன. பிறகு பேசினாள். பத்து விரல்களும் மடங்கின, விரிந்தன, ஒன்றையொன்று தொட்டு விலகின. முதல் வரிசையில் இருந்த ஓவியத் தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கை இத்தனை பக்கம் வளையும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. மகள் கடைசியாக விரலை நீட்டியது அவரை நோக்கித்தான்.

"நன்றி சொல்றாளா?" என்று ஒலிவாங்கியை நீட்டினார் முதலாளி. ஆமாம் என்று சொல்லு என்றது அவர் கண்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கையின் மேல் பலூன் போட அவளைவிடக் கெட்டிக்காரி யார்? சொன்னால் நாற்காலி பத்திரம், பள்ளிக்கூடம் பத்திரம். ஆனால் மகள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை.

வசனக்கா ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"கை வரையத் தெரியாதது அந்த மாமாவுக்கு. அப்புறம் இடியை எதுக்கு அவ தலையில போட்டீங்கன்னு கேக்கறா."