காற்றடைத்த படகில் ஏறலாமா, தம்பி?

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள்.

உன் அத்தான் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஆசைப்பட்டு ஒரு படகுக்குச் சொல்லிவைத்திருந்தார். வந்த சனமெல்லாம் அழுது முடித்துப் போன பிறகு அது வாசலில் வந்து இறங்குகிறது. மரமுமில்லை, இரும்புமில்லை தம்பி, மெத்தை மாதிரி மடித்துப் பையில் வருகிறது, காற்றடித்தால் படகாம். இரண்டு பேர் உட்காரலாம். மகள் விடமாட்டேன் என்கிறாள். "அப்பா உனக்காகத்தாம்மா வாங்கினாரு. வா, ஏரியில சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்." நான் வராவிட்டால் தனியாகப் போவாளாம். ஒருவரைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், இவளையும் தண்ணீருக்குக் கொடுக்கவா?

"மூணு அறைம்மா. ஒண்ணுல காத்து போனாலும் மத்த ரெண்டும் தாங்கும்" என்கிறாள்.

"நாலு அறைன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினாரே, உங்கப்பா நெஞ்சு தாங்குச்சாடி?" என்று கேட்டேன்.

நீ கடையில் பஞ்சர் பார்ப்பாயே, அந்த ஞாபகத்தில் நேற்று கூடத்திலேயே காற்றடித்து, ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுக்குமே என்று மேலும் கீழும் சோப்புத் தண்ணீர் தடவினேன். சோப்பைத் தாராளமாகக் கரைத்துவிட்டேன் போல, படகு முழுக்கக் குமிழி. ஐயோ, இத்தனை ஓட்டையா என்று நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டு டிரைவர் ஓடிவந்தார், வந்தவர் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய்ப் படகுக்குள் உட்கார்ந்துவிட்டார். "நல்லா மெத்துன்னு இருக்குக்கா" என்று துடுப்பை வேறு கேட்கிறார். உன் அத்தானுக்கென்று வந்த இடம், முதலில் உட்கார்ந்தது அந்த ஆள். அதிலிருந்து கண்ணை மூடினால் புஸ்ஸென்று சத்தம் கேட்கிறது.

அதனால் தம்பி, காற்றடைத்த படகு பொழுதுபோக்காகத் துடுப்புப் போடக்கூட ஆகாது என்று கண்டிப்பாக ஒரு வரி எழுதிப் போடு. காற்று விஷயத்தில் மாமா சொன்னால் கேட்பாள்.

பிள்ளைகளை நான் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் கரையிலேயே நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் காலையில் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கரையோரமாகவே போனோம். கவிழவில்லை, காற்றும் இறங்கவில்லை. எதிர்க்காற்று அடித்தால் இலை மாதிரி ஒதுங்குகிறது, அவ்வளவுதான். சும்மா உலாவ இது போதும். ஒதுங்கியபோது "போதும்மா, திரும்பு திரும்பு" என்று கத்தியது அவள்தான். நான் பின்னால் உட்கார்ந்து துடுப்பை விடவேயில்லை. தண்ணீரில் நிம்மதியாக அழ முடிகிறது தம்பி, யாரும் வந்து தேற்றுவதில்லை. நாளைக்குத் தனியாகப் போகிறேன். அக்காவைத் தடுத்து எழுது என்று அவள் உனக்கு எழுதுவாள். எழுதித் தொலைக்காதே.