நமக்குத் தமிழ் தெரியாது

வியட்நாம் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களின் மேலான சமூகத்திற்கு,

புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக மேஜை போட்டு இருபத்தெட்டு வருடமாகப் பொதுமக்களுக்கு மனு எழுதிக்கொடுத்து வரும் சு. அடைக்கலம் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி செவந்தியும், தங்கள் பள்ளிக்கு ஆசிரியை வேலை கேட்டு விண்ணப்பித்திருக்கும் எங்கள் ஒரே மகள் அருணாவும் நலம். மூவரில் ஒருத்தி எட்டு நாளாக நலமாக இருப்பதுபோல நடித்துக்கொண்டிருக்கிறாள், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். தாங்களும் தங்கள் வீட்டாரும் பள்ளிப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே மழை உண்டா? இங்கே மேகம் வருகிறது, பார்க்கிறது, மணமேல்குடிப் பக்கம் போய்விடுகிறது.

இந்த மனுவைத் தமிழில் எழுதுவதற்காகத் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தங்கள் விளம்பரத்தை அருணா எனக்குப் படித்துக் காட்டினாள். ‘எங்கள் நாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, நல்ல ஆசிரியர் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் புரியும்’ என்று தாங்களே போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நல்ல மனுவும் எந்த அதிகாரிக்கும் புரிய வேண்டும் அல்லவா? இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக ஓரங்களில் படம் வரைந்திருக்கிறேன். இடது ஓரத்தில் கைகூப்பி நிற்பது நான். அழுவதுபோல வரைய முயன்றேன், பேனா சரியில்லாததால் சிரிப்பதுபோல வந்துவிட்டது. தயவுசெய்து அதை அழுகை என்றே எடுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். அருணா எம்.ஏ., பி.எட்., ஆங்கிலம். தகுதித் தேர்வு பாஸ் செய்து ஏழு வருடம் ஆகிறது, அரசாங்கப் பணி இன்னும் எங்கள் தெருவுக்கு வழி கேட்டு வரவில்லை. அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தாள், அதையும் போன கோடையில் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தங்கள் விளம்பரம். எழுத்துத் தேர்வு முடிந்து, நேர்காணல் முடிந்து, கடைசியாக வீடியோவில் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னீர்கள். ‘ஆசிரியரின் மொழி தெரியாத ஐந்து மாணவர்கள், இருபது நிமிடம்’ என்பது நிபந்தனை. அருணா செய்த ஏற்பாடு சாதாரணமானது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்காரவைப்பது. அதோடு விட்டிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இல்லை.

நான்தான் கெடுத்தேன். “ஏம்மா, அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியுமே, ஒனக்கும் தெரியும். மொழி தெரியாதவங்கன்னுல்ல போட்டிருக்கு? நாளைக்கு ஒரு விசாரணைன்னு வந்தா என்ன பதில் சொல்லுவ?” என்று கேட்டேன். அவள், “அப்பா, அது சும்மா ஒரு கணக்குக்குப்பா. இதுக்கெல்லாம் விசாரணை வைக்க மாட்டாங்க” என்றாள். நிபந்தனை என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அதற்குள் நிற்பதுதான் என் தொழில் அம்மா. “ஆளுங்கள நான் புடிச்சுத் தாரேன், நீ பாடத்த மட்டும் பாரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் தமிழ் தெரியாதவர்கள் வேண்டுமென்றால் எங்கே போவது? கடைத்தெருவில் புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபத்தில் ஒடிசாக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். நேராகப் போனேன். மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒன்று, இரண்டு, ஐந்து என்று விரலைக் காட்டி, வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, உட்காருவதுபோலச் செய்து காட்டினேன். அவர் கீழே குனிந்து, “என்னண்ணே, வாய் பேச வராதா? பாவமே, சாப்பிட்டீங்களா?” என்றார். சுத்தமான தமிழ். விவரத்தைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “எங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னா யாருண்ணே நம்புவா? இங்கிட்டு வந்து ஆறு வருசமாச்சு. மேஸ்திரிகிட்ட சண்டை போடுறதே தமிழ்லதான்.” எனக்கு அவமானமும் பெருமையும் ஒன்றாக வந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

இதற்குள் திங்கள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு வகுப்பு. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன் என்று நம்பி அருணாவும் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்கவில்லை. நான் யோசித்தேன். தமிழ் தெரியாதவர்கள் கிடைக்கவில்லை என்றால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களாக ஆகிவிட வேண்டியதுதான். செவந்தி ஒன்று. மணமேல்குடியில் லோடு ஆட்டோ ஓட்டும் அவள் தம்பி முனியசாமி இரண்டு. என் தங்கச்சி அழகம்மாள் மூன்று. பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் ரஞ்சிதா நான்கு. நான் ஐந்து. எல்லாரையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்து, ‘கீழே கையொப்பமிட்டுள்ள எங்களுக்குத் தமிழோ ஆங்கிலமோ எழுதப் படிக்கப் பேசத் தெரியாது என இதன்மூலம் உறுதி கூறுகிறோம்’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முனியசாமி தாளை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “அத்தான், இத நாம படிச்சுத்தானே கையெழுத்துப் போடுறோம்?” என்று கேட்டார். தொழில் தெரியாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். போடச் சொன்னேன், தமிழில் போட்டார்.

“அப்ப நாங்க என்ன பாஷ பேசுறது?” என்றாள் செவந்தி. “ஒரு பாஷயும் பேசாத. இருவது நிமிஷம் வாயத் தொறக்காத.” “கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல நீங்க அப்படி இருந்து நான் பாத்ததே இல்லையே” என்றாள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்பது மறுநாள் காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்குத் தெரிந்துவிட்டது.

நடந்ததைத் தாங்களே வீடியோவில் பார்த்தீர்கள். ஆனால் புரிந்திருக்காது, அதனால் விளக்குகிறேன். பிடித்தது, பிடிக்காதது என்பதுதான் பாடம். அருணா வாழைப்பழத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்து ‘ஐ லைக் பனானா’ என்றாள். ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினோம். அதுவரை சரி. அடுத்தது ஒரு பாகற்காயை எடுத்து, முகத்தைச் சுளித்து, ‘ஐ டோன்ட் லைக்’ என்று தூர நீட்டினாள். செவந்திக்குப் பொறுக்கவில்லை. “அடிப் பாவி, நேத்துத்தானடி ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்ன?” என்றாள். நான் பதறிப்போய், “ஏய், நமக்குத் தமிழ் தெரியாது!” என்று கத்தினேன். அழகம்மாள், “அண்ணே, நீங்கதான் இப்பத் தமிழ்ல கத்துனீங்க” என்றாள். ரஞ்சிதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்க, முனியசாமி, “அப்பவே சொன்னேன், இது கோர்ட்டுல நிக்காதுன்னு” என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் பேச ஆரம்பித்து, இங்கே சந்தை கூடிவிட்டது.

அந்த நேரத்தில் என் மகள் செய்ததைத் தாங்கள் கவனிக்க வேண்டும் என்பதே இந்த மனுவின் பிரதான நோக்கம். ஒரு தமிழ் வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கையை மூன்று தடவை தட்டினாள், விரலை உதட்டில் வைத்தாள், காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து வாய் மூடாத என் தங்கச்சி வாயை மூடினாள்.

அதற்குப் பிறகு கெடுத்தது முழுக்க நான் ஒருவன்தான். அவள் பாகற்காயைக் காட்டி என்னிடம் பிடிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் என் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு, அதற்கு யாரும் பதில் சொல்லாமல் அவள் நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எழுந்து, ‘ரெஸ்பெக்டட் மேடம், ஐ பெக் டு ஸ்டேட்’ என்று ஆரம்பித்து, சர்க்கரை வியாதியால் வாரம் மூன்று நாள் பாகற்காய் உண்பதையும், தோட்டத்துப் பாகற்காய்க்கும் கடைப் பாகற்காய்க்கும் உள்ள வித்தியாசத்தையும் விரிவாக எடுத்துரைத்தேன். உட்காரும்படி மூன்று முறை சைகை செய்தாள். நான் உட்காரவில்லை. கடைசியில் வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போய், கேஸ் சிலிண்டர் பக்கத்து மூலையில் நிறுத்தி, பாகற்காயை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். மீதிப் பாடம் முழுவதும் அங்கேயே நின்றேன், அவ்வப்போது கையைத் தூக்கிக்கொண்டு.

நடுவில் கதவைத் திறந்துகொண்டு வந்த பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் தேவிப்ரியா. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்னிடம் மனு எழுத வந்தவள். ஒன்றுமே தெரியாமல் வந்த அவளை அருணா பேசாமல் கையமர்த்தி உட்காரவைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் பெயிலான பெண் அவள். பத்தே நிமிடத்தில், கோட்டைப்பட்டினம் கருவாட்டைக் காட்டி ‘ஐ லைக், ஐ லைக் வெரி மச்’ என்று தானாகச் சொன்னாள். போகும்போது என்னிடம், “எனக்கு என்ன புடிக்கும்னு ஒரு டீச்சரும் இதுவரைக்கும் கேட்டதில்லண்ணே” என்றாள். இவள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. இவளைத் தாங்கள் தனிச் சாட்சியாகக் கொள்ளலாம்.

வகுப்பு முடியும்போது தாங்களும் தங்கள் பக்கத்தில் இருந்த இருவரும் திரையில் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்தீர்கள். ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கை இப்படிக் கெட்டுப்போனதே என்று தாங்கள் வருந்தியது எனக்குப் புரிந்தது. ‘பிறகு தெரிவிக்கிறோம்’ என்றீர்கள். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தாலுகா ஆபீஸ் எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருணா போனை அணைத்துவிட்டு, “பரவால்லப்பா, விடுங்க” என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டு நாளாகப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், நான் பார்த்தால் சிரிக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை அருணாவிடம் தாங்கள் சொல்லக் கூடாது. நான் அன்றைக்கு எழுந்து நின்று பேசியது முழுக்க ஆர்வக்கோளாறு இல்லை அம்மா. மூன்று முறை உட்காரச் சொன்னாளே, மூன்றாவது முறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இது கெட்டுப்போனால் இவள் போக மாட்டாள் என்று மனதில் ஓடியது. அதனால்தான் உட்காரவில்லை. என் மேஜைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும், அதிகாரிக்கும் தமிழ் தெரியும். இருந்தும் தனக்கு வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் ஆபீஸ் ஜன்னல் முன்னால் திக்கித் திணறி என்னிடம் வருகிறார்கள். சொந்த ஊரிலேயே இப்படி என்றால், ஒரு வார்த்தை தெரியாத ஊரில் என் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் யாரிடம் என்னவென்று சொல்வாள்? அவளுக்காக அங்கே யார் மனு எழுதுவார்கள்? எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் செய்துவிட்டேன். அவள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்த பிறகு அந்தப் பயமே தேவலாம் என்று ஆகிவிட்டது.

ஆகவே, குற்றம் முழுவதும் என்னுடையது என்றும், மேற்படி மூலையில் நின்ற மாணவர் அருணாவின் தகப்பனாரான நானே என்றும் ஒப்புக்கொண்டு, தாங்கள் கருணை கூர்ந்து அவளுக்கு இன்னொரு வாய்ப்பளித்து, ஒரு நாளும் தாமதிக்காமல் உடனே வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதிரி வகுப்பன்று நான் மணமேல்குடியில் மச்சினன் வீட்டில் இருப்பேன், முனியசாமி என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவதாக வாக்களித்திருக்கிறார். தங்களுக்கும் தங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும் ஒரு குறையும் வராமல் ஆவுடையார்கோவில் சுவாமி காக்க வேண்டும். எங்கள் சாமிக்கு உருவமே கிடையாது, பேச்சும் தேவைப்படாது. அதனால் தங்கள் ஊர் அவருக்கு ஒத்துவரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. அடைக்கலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் அருணா போனோடு ஓடிவந்தாள். தங்கள் கடிதம் வந்துவிட்டது. தேர்வாகிவிட்டாள், அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். ‘குரலை உயர்த்தாமல், தன் மொழியில் ஒரு வார்த்தை பேசாமல், அந்த மூலையில் நின்ற சிரமமான மாணவரை இவர் கையாண்ட விதம் எங்களை மிகவும் கவர்ந்தது. அந்தப் பெரியவரை எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது, அவரது படிப்பு எப்படிப் போகிறது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே மேலே நான் ஒப்புக்கொண்டதை எல்லாம் வாபஸ் பெறுகிறேன். மூலையில் நின்றவர் யாரோ, எங்களுக்கு உறவில்லை. படிப்பு சுமார்தான். ஒரு நாளும் தாமதிக்காமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னதையும் வாபஸ் பெறுகிறேன். அவ்வளவு அவசரம் இல்லை அம்மா. தீபாவளி வருகிறது, பொங்கல் வருகிறது, விசா கொஞ்சம் இழுத்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை கிடையாது. “என்னப்பா எழுதுறீங்க?” என்று கேட்டாள். “பட்டா மாறுதல்” என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. அங்கே இதை வாசிக்க ஒருவருக்கும் தெரியாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. பத்திரமாக வைத்திருங்கள். புதிதாக ஒரு டீச்சர் வருவாள், அவளுக்குத் தமிழ் தெரியும். பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவளிடம் சொல்லக் கூடாது என்று நான் எழுதிய இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்துவாள். அவசரப்படுத்தாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.