கரையில் இடம் சொல்பவர்

தூண்டில் போடுகிறவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு நாலடி பின்னால், லுங்கியை மடித்துக் கட்டி, கைகளை மார்பின்மேல் கோத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் அவன் உட்கார்ந்திருக்கும் மண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாரே ஒருவர், அவரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருக்க முடியாது. நம் பக்கத்தில் தண்ணீர் இல்லாத ஏரி உண்டு. அவர் இல்லாத ஏரிக்கரை கிடையாது. இடம் சொல்பவர் என்று அந்த இனத்துக்குப் பெயர். தூண்டில் வைத்திருக்க மாட்டார். புழு தோண்ட மாட்டார். வெயிலில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். ஆனால் எந்த ஏரியில், எந்த மூலையில், எந்தக் கருவேல மரத்தின் எந்த வேருக்கடியில் கெண்டை படுத்திருக்கிறது என்பதை, அந்தக் கெண்டைக்கே தெரியாத நுணுக்கத்தோடு எடுத்துச் சொல்லுவார்.

மரக்காணத்தில் அந்தப் பதவியை வகித்தவர் தேசப்பன்.

பலராமனின் உப்பளத்தில் அவருக்கு வேலை. உப்பு வாருகிற வேலையோ சுமக்கிற வேலையோ என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டை ஏற்ற லாரி பின்னால் வரும்போது, அதன் பின்புறம் நின்றுகொண்டு, "வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... ஸ்டாப்பு!" என்று கத்துகிற வேலை. அவர் சொன்ன இடத்தில் நின்ற இரண்டு லாரிகள் வரப்பு உடைந்து பாத்தியில் சக்கரம் இறக்கியதுண்டு. டிரைவர் ஒரு அடி தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது இரண்டு முறையும் அவர் சொன்ன தீர்ப்பு.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் அடித்த மழையை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உப்பளம் எது, உப்பங்கழி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். இனி தை பிறந்து வெயில் ஏறினால்தான் யாருக்கும் வேலை. ஊருக்கு மேற்கே பல வருஷமாக ஆடு மேய்ந்துகொண்டிருந்த பெரியேரி மட்டும் கரை தளும்ப நிறைந்தது. மேலே எங்கெங்கோ குளங்கள் உடைந்து, யார் யாரோ காசு போட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் கெண்டையும் சொல்லாமல் கொள்ளாமல் அதில் வந்து குடியேறின. வேலையில்லாத உப்பளத்துக்காரர்கள் மூங்கில் கழியும் தூண்டில் நரம்பும் முள்ளுமாக ஏரிக்கரைக்குப் போனார்கள். தேசப்பன் வெறுங்கையோடு போனார்.

அவர் கரையில் நடந்து வருகிற அழகே தனி. நாலு எட்டுக்கு ஒரு தரம் நிற்பார். குனிந்து நத்தை ஓட்டை எடுத்து மோந்து பார்ப்பார். தும்பி பறக்கிற உயரத்தைக் கண்ணால் அளப்பார். விரலை எச்சில் பண்ணி வானத்துக்குக் காட்டுவார். பிறகு, பொழுது விடிந்ததிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவனின் முதுகுக்குப் பின்னால் வந்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் நாக்கைச் சப்புக்கொட்டுவார்.

"என்னாண்ணே?" என்பான் அவன், பயந்துபோய்.

"இங்க உக்காந்துட்டியேப்பா."

அவ்வளவுதான். அந்த ஆளுக்கு அதற்குமேல் அங்கே உட்கார மனசு வருமா? எழுந்து அவர் சொன்ன இடத்துக்குப் போவான். அங்கே மீன் கிடைத்தால், தேசப்பன் சொன்ன இடம். கிடைக்காவிட்டால், தேசப்பன் சொன்ன இடத்தில் அவன் சரியாக உட்காரவில்லை. இதில் அவர் தோற்பதற்கு எங்கே வழியிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

அந்தக் கரையில் அவர் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் சகாயமேரி. பலராமன் அளத்தில் உப்பு வாருகிறவள். கூரைக்குத் தார்ப்பாய் போட ஏறின புருஷன் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு படுத்திருந்தான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மேரிக்குத் தூண்டில் பொழுதுபோக்கு இல்லை, சோறு. பெரிய மீனாகக் கிடைத்தால் ரோட்டோரம் வைத்து விற்று அரிசி வாங்குவாள், சின்னதைக் குழம்பு வைப்பாள். மதகுக்கு மேற்கே சாய்ந்து கிடந்த ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தவள், அங்கேயே பத்து நாளாக உட்கார்ந்தாள். ரைஸ் மில் வாசலில் கூட்டித் தள்ளுகிற தவிட்டைக் கேட்டு வாங்கி, பழைய சோற்றோடு பிசைந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் உருண்டை உருண்டையாக அங்கே போட்டுவிட்டுப் போவாள். முதல் நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு கெண்டை. அப்புறம் ஒரு நாளும் அவள் பக்கெட் காலியாகத் திரும்பவில்லை.

பக்கெட்டைத் தேசப்பன் பார்த்தார்.

"எங்க மேரி புடிச்ச?"

"மதகுக்கு மேற்கால, சாஞ்ச மரத்தாண்டங்க."

ஒளித்து வைக்கத் தெரியாதவள். தேசப்பன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "அந்த எடத்த நான்தான் சொன்னேன் ஒனக்கு."

அவர் எப்போது சொன்னார் என்று மேரிக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவருக்கு வந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், நத்தை எந்தப் பக்கம் போயிற்று என்பதை வைத்துத் தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்த கதையை அவர் மூன்று டீ நேரத்துக்குச் சொன்னார். கதை பலராமன் காதுக்கும் போயிற்று.

நேரமும் தோதாக வந்து சேர்ந்தது. அளத்தில் மேஸ்திரியாக இருந்த சவரிமுத்துவுக்கு முழங்கால் போய்விட்டது. தை மாதம் புது மேஸ்திரி வேண்டும். அந்த வேலை தனக்கு வர வேண்டும் என்று தேசப்பன் இரண்டு வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். அப்படியிருக்க, முதலாளியே கூப்பிட்டனுப்பி, "தேசப்பா, எம் மச்சான் மெட்ராஸ்லேர்ந்து வர்றான்யா. மீன் புடிக்கணுமாம். நல்ல எடமா தெரியுமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்!

"என்னங்க மொதலாளி, என்னைப் போயி இப்பிடிக் கேட்டுட்டீங்க?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேரியிடம் போனார்.

"நாளைக்கி நீ இங்க உக்காராத. மொதலாளி வர்றாரு. நீ கலங்கல் பக்கம் போ. அங்கதான் இப்ப மீன் ஏறுது."

ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் பக்கம் அவர் அந்த வருஷம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. இந்த இனத்தின் விசேஷமே அதுதான்.

முதலாளி பேரைக் கேட்டதும் மேரி பணிந்தாள். "சரிங்கண்ணே. ஆனா தூண்டில் போட்டா எழுந்திரிக்காம உக்காந்திருக்கச் சொல்லுங்க. மூணு மணி நேரங்கூட ஆவும்."

"எனக்கேவா?" என்று சிரித்தார் தேசப்பன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு டாடா சுமோ வந்து நின்றது. மடக்கு நாற்காலி, பச்சைத் தொப்பி, சக்கரம் வைத்த வெளிநாட்டுத் தூண்டில், ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிற இரை டப்பா, கழுத்தில் கேமரா சகிதம் சென்னை மைத்துனர் இறங்கினார். வெள்ளை வேட்டியோடு பலராமன் இறங்கினார். தேசப்பன் இருவரையும் சாய்ந்த மரத்தடியில் உட்கார வைத்தார்.

பத்து நிமிடம். தக்கை அசையவில்லை. இருபது நிமிடம். முதலாளி கொட்டாவி விட்டார். தேசப்பன் விரலை எச்சில் பண்ணி மறுபடி வானத்துக்குக் காட்டினார். உண்மையில் அவர் தன் வாழ்நாளில் ஒரு தூண்டிலுக்குப் பக்கத்தில் இவ்வளவு நேரம் நின்றதே இல்லை. இடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவதுதான் வழக்கம். சொன்ன இடத்திலேயே நின்று என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மேஸ்திரி வேலை தக்கையோடு சேர்ந்து அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு குமிழி வந்தது.

"மொதலாளி, காத்து மாறிடுச்சிங்க. அங்க போயிடலாம்."

போனார்கள். அங்கே கால் மணி நேரம். பிறகு அல்லிக்கொடி ஓரம். பிறகு பனைமர வரிசைக்குக் கீழே. நாலாவது இடத்தில் மைத்துனர் காலில் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது. ஐந்தாவது இடத்தில் பலராமன் சேற்றில் உட்கார்ந்தார். நாற்காலி அவருக்கு ஓரடி பின்னால் இருந்தது.

கலங்கலில் தவளைகளைத் தவிர வேறொன்றும் காணாத மேரி, மரத்தடி காலியாகக் கிடப்பதை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். வந்தாள். உட்கார்ந்தாள். அசையவில்லை. பத்து மணிக்கு அவள் கழி வில்லாக வளைந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, நரம்பை விட்டு விட்டு இழுத்து, கடைசியில் ஒரு கட்லாவை மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். கைக்குழந்தை கனம் இருக்கும்.

மூன்று பேரும் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் தேசப்பன். "பாத்தீங்களா மொதலாளி, எடம் எப்பிடி!"

பலராமனுக்கு மூச்சு வாங்கியது. "அப்பறம் எதுக்குய்யா எங்கள எழுப்பி உட்ட?"

"ஏழு மணிக்கு அது எடமே இல்லீங்க. பத்து மணிக்குத்தான் எடம்."

"எடம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் மேரி. "பத்து நாளா தவிடு போட்டுக்கினு வர்றேன்."

யாராவது காதில் வாங்கினார்களா? வெயிலில் உட்காருவதும் தவிடு போடுவதும் ஒரு ரகசியமா என்ன! மைத்துனருக்கு ஒரு போட்டோ வேண்டும். மீன் அவர் கையில் இருப்பதுபோல், ஒரே ஒரு போட்டோ. மேரி தயங்கினாள். "அது இன்னும் சாவலீங்க" என்றாள். தேசப்பன் அதற்குள் மீனை வாங்கி மைத்துனர் கையில் கொடுத்து, கேமராவை முதலாளி கையில் திணித்து, தன் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

"சார், இங்க நின்னா மொகத்துல நெழல் விழும். அந்தக் கல்லு மேல ஏறுங்க. இன்னும் கொஞ்சம் பின்னால... வாங்க, வாங்க... ஸ்டாப்பு!"

பாசி பிடித்த கல். அதற்குப் பின்னால் ஏரி. மைத்துனர் பல்லைக் காட்டிச் சிரித்தபோது மீன் ஒரு துள்ளு துள்ளியது. ஒரே ஒரு துள்ளு. தண்ணீரில் விழுந்த சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

மேரி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரு வார அரிசி அந்த வளையங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது.

தேசப்பன் தொண்டையைச் செருமினார். "ஒரு அடி மேல நின்னிருக்கணும்."

மேரி திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, நானும் இத்தினி நாளா பாக்கறேன். நீங்க ஒரு மீனு புடிச்சி நான் பாத்ததில்ல. ஏண்ணே?"

யாரும் அவரை அதுவரை அப்படிக் கேட்டதில்லை. தேசப்பன் தன் கைகளைப் பார்த்தார். மேரியின் விரல்களில் நரம்பு அறுத்த கோடுகள் ரத்தம் கசிய இருந்தன. அவருடைய விரல்கள் கல்யாண மாப்பிள்ளை விரல்கள்போல் வழவழவென்று இருந்தன. அவற்றை மடக்கிக்கொண்டார். அழுதிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவர் அழவில்லை. சமாளித்துக்கொண்டார்.

"நானும் புடிக்க ஒக்காந்துட்டா, ஒங்களுக்கெல்லாம் எடம் யாரும்மா சொல்றது?"

பலராமன் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "விடும்மா, வேற மீன் மாட்டும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வண்டியேறினார். மைத்துனர் மனசு கேட்காமல் ஸ்ட்ராபெரி டப்பாவை மேரி கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவள் சின்னப் பெண் அதை மிட்டாய் என்று வாயில் போட்டுத் துப்பினாள்.

தையில் மேஸ்திரி யார்? தேசப்பன்தான். "ஆளு சுறுசுறுப்புய்யா. ஒரே காலையில எங்கள அஞ்சு எடத்துக்குக் கூட்டிக்கினு அலைஞ்சான்" என்றார் பலராமன். முதல் வாரமே, வாய்க்கால் வெட்ட அவர் காட்டிய இடத்தில் வெட்டி, ஆறு பாத்தி முழுகியது. மேரி அங்கே வேலைக்குப் போகவில்லை. வேறொருவர் அளத்தில் சேர்ந்துகொண்டாள்.

அதற்கு முன்னாலேயே அவள் ஏரிக்கு மறுகரையில் ஒரு மறைவான மூலையைப் பார்த்துத் தவிடு போடத் தொடங்கியிருந்தாள். பக்கெட் மறுபடி நிறைந்தது. தேசப்பன் மறுபடி பார்த்தார்.

"எங்க மேரி?"

"கலங்கலாண்டதாங்க. நீங்க சொன்ன எடந்தான்."

ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். தேசப்பனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அந்த வருஷம் ஏரி வற்றும்வரை, கரைக்கு வந்த அத்தனை பேரையும் அவர் கலங்கலுக்கு அனுப்பினார். தவளைகளுக்கு நல்ல கூட்டம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மரக்காணம் எங்கேயோ இருக்கிறது, தேசப்பனை உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தக் கட்லா மைத்துனரின் கையை விட்டு வழுக்கியபோது உங்கள் மனசில் என்ன ஓடியது? 'அய்யோ, மேரி' என்றா? அல்லது, 'செவுளில் விரலை விட்டுப் பிடித்திருக்க வேண்டாமா' என்றா?

இரண்டாவதா? அப்படியானால் நீங்களும் அந்த இனம்தான். வாருங்கள், வாருங்கள். இன்னும் கொஞ்சம் பின்னால்.